எக்ஸ்இ ஆக்கிய பேட் கோப்பை மீட்பது: பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய நண்பருக்கு

வணக்கம் சகோ. கடைக் கணக்கைத் தினமும் பென்டிரைவுக்கு நகலெடுக்கும் எக்ஸ்இ (.exe, நேரடியாக ஓடும் நிரல் கோப்பு) மட்டும் இருக்கிறது, எழுதிய தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார், மூல பேட் கோப்பை (.bat, கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக் கோப்பு) காணோம் என்கிறீர்கள். மனம் தளர வேண்டாம், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இப்படி எக்ஸ்இ ஆக்கும் கருவிகளில் பல உண்மையில் கம்பைல் செய்வதில்லை, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பேட் கோப்பை உள்ளே பொதிந்து வைக்கும், அவ்வளவுதான். ஓடும்போது அதை டெம்ப் (தற்காலிக) கோப்புறையில் பிரித்துப் போட்டு, கட்டளைகளை இயக்கும் விண்டோஸ் நிரலான சிஎம்டியிடம் கொடுக்கும், முடிந்ததும் அழித்துவிடும். அந்த இடைவெளியில்தான் பிடிக்க வேண்டும். 'பென்டிரைவைச் செருகி ஒரு விசையை அழுத்தவும்' என்று திரை நிற்கிறது என்றீர்களே, அதுவே போதும். எதையும் அழுத்தாமல் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையை வலது கிளிக் செய்து, கமாண்ட் லைன் பத்தியைச் சேருங்கள். சிஎம்டி வரியில் பேட் கோப்பின் பாதை தெரியும். உடனே அதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, நோட்பேடில் பாருங்கள்.

விண்டோஸோடு வரும் ஐஎக்ஸ்பிரஸ் என்ற பொதியாக்கும் கருவியில் செய்ததென்றால் இன்னும் சுலபம். ஓட்டவே வேண்டாம், பொதிகளைப் பிரிக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் திறந்தால் போதும்.

அப்புறம், தயவுசெய்து கடைக் கணினியில் சோதிக்காதீர்கள். பழைய நகலை அழிக்கும் கட்டளை உள்ளே இருக்கலாம். வேறொரு கணினியில், வெற்றுப் பென்டிரைவோடு செய்யுங்கள். பாதை கிடைத்தும் கோப்பு திறக்கவில்லை என்றால் அந்த வரியை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.