தட்டில் வளர்வது எந்தச் செல்? புராஸ்டேட் செல் வளர்ப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அறுவை சிகிச்சையில் கிடைத்த புராஸ்டேட் திசுவை கொலாஜினேஸ் என்ற நொதியில் கரைத்து வளர்த்தேன். செல்கள் அருமையாகப் பெருகின. ஆனால் ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ரிசப்டரும் தெரியவில்லை, புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதமும் வரவில்லை. எங்கே தவறு செய்தேன்? (ஆய்வு மாணவி)

தவறு எதுவும் இல்லை அம்மா. இதில் சறுக்காத ஆளே கிடையாது, நானும் முதல் வருடம் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன். புராஸ்டேட் சுரப்பிக் குழாயின் உட்பக்கத்தில் இருப்பவை லூமினல் செல்கள். பிஎஸ்ஏ சுரப்பதும், ஆண்ட்ரோஜன் ரிசப்டரை நிறைய வைத்திருப்பதும் அவைதான். அவற்றுக்கு அடியில் பேசல் செல்கள் இருக்கின்றன. திசுவைப் பிரித்துத் தட்டில் போட்டதும் லூமினல் செல்கள் பெருகாமல் ஓய்ந்துவிடுகின்றன, பேசல் செல்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நாம் ஊற்றும் மீடியமும் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) அவற்றுக்கே சாதகம். சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாமல், வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப் என்ற புரதமும் மாட்டு பிட்யூட்டரிச் சாறும் சேர்த்த மீடியம் பேசல் செல்களுக்கு விருந்து. சீரம் சேர்த்தாலோ ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்கள் எல்லாவற்றையும் மூடிவிடும்.

முதலில் சாயம் போட்டுப் பாருங்கள். கெரட்டின் 5, பி63 என்ற அடையாளப் புரதங்கள் தெரிந்தால் பேசல். கெரட்டின் 8, 18 தெரிந்தால் லூமினல் பக்கம். லூமினல் தன்மை உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் முப்பரிமாண ஆர்கனாய்டு (சுரப்பியைப் போன்ற குட்டி அமைப்பு) முறைக்குப் போவதே நல்லது. 2014-இல் வெளியான ஆய்வுகள், மேட்ரிஜெல் என்ற கூழுக்குள் இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் ஆகிய புரதங்களும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் கொடுத்து வளர்த்தால் ஆண்ட்ரோஜன் ரிசப்டர் அணையாமல் இருக்கும் என்று காட்டின. செலவு அதிகம், பொறுமையும் வேண்டும். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பொருந்தும் செல்லில்தான் பதில் தேட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று. புற்றுநோய்த் திசு என்று எழுதி வந்த துண்டிலும் ஆரோக்கியமான சுரப்பி கலந்திருக்கும். தட்டில் பெரும்பாலும் ஆரோக்கியமான செல்லே முந்திக்கொள்ளும். வளர்ந்தது கட்டிதான் என்று நிரூபிக்கும் வரை அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

எல்என்கேப் என்ற புராஸ்டேட் புற்றுச் செல்கள் மீடியம் மாற்றும்போதெல்லாம் உரிந்து வருகின்றன. இறந்துகொண்டிருக்கின்றனவா?

இல்லை, அவற்றின் சுபாவம் அப்படி. 1977-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில், 50 வயது நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து உருவாக்கிய செல்கள் இவை. தட்டில் லேசாகவே ஒட்டும், கொத்துக் கொத்தாக வளரும், தரையை முழுசாக மூடாது. இரட்டிப்பாக இரண்டரை நாள் வரை ஆகும். விதைத்த முதல் 48 மணி நேரம் ஃப்ளாஸ்க்கைத் தொடவே வேண்டாம். அப்புறம் மீடியத்தைச் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். பாலி-லைசின் பூசிய தட்டு நன்றாக உதவும். மீடியத்தைச் சீக்கிரம் அமிலமாக்கிவிடும் செல் என்பதால் நிறத்தையும் கவனியுங்கள். நீங்கள் ஊற்றும் ஆர்பிஎம்ஐ மீடியத்தின் பெயர், அதே ராஸ்வெல் பார்க் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான்!

ஆண்ட்ரோஜன் ரிசப்டரைத் தடுக்கும் மருந்தை பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுச் செல்லில் சோதிக்கலாமா?

தனியாக அதில் மட்டும் என்றால் வேண்டாம். எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த பிசி-3, மூளைக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த டியூ145 இரண்டிலும் அந்த ரிசப்டர் செயல்படுவதில்லை. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்என்கேப்பில் ரிசப்டர் உண்டு, ஆனால் அதன் மரபணுவில் பிறழ்வு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கூட அதைத் தூண்டிவிடும். அதனால் விகேப் போன்ற இன்னொரு செல் லைனிலும் (தொடர்ந்து பெருகும் செல் வரிசை) செய்து பாருங்கள். சோதனையின்போது ஃபீனால் ரெட் என்ற சாயம் இல்லாத மீடியமும், கரித்தூளில் ஹார்மோன் நீக்கிய சீரமும் அவசியம்.

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த செல் லைன். வாங்கலாமா?

எஸ்டிஆர் சோதனை (செல் எதிலிருந்து வந்தது என்று காட்டும் டிஎன்ஏ அடையாளச் சோதனை) செய்த பிறகு வாங்கலாம். டிஎஸ்யூ-பிஆர்1 என்ற லைனைப் பல வருடம் புராஸ்டேட் செல் என்றே நம்பி ஆய்வுகள் எழுதினார்கள். கடைசியில் அது டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுச் செல் என்று தெரிந்தது. ஆல்வா-31 பிசி-3 ஆகவே இருந்தது. எத்தனை பேருடைய உழைப்பு வீணாகியிருக்கும்! மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்று பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்யுங்கள். அது மீடியத்தைக் கலங்க வைக்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டும், சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது.

அப்பாவுக்கு எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய். அவருடைய செல்லை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துத் தருவார்களா? (ஒரு மகன்)

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது தம்பி. இன்றைக்கு இது வழக்கமான சிகிச்சையின் பகுதி இல்லை. புராஸ்டேட் கட்டி வெளியே எளிதில் வளராது. பல மாதிரிகள் முளைப்பதே இல்லை, வளர்வதற்கும் வாரக்கணக்கில் ஆகும். அப்பாவின் சிகிச்சையை அதற்காகக் காக்க வைக்க வேண்டாம். அதைவிடப் பயனுள்ள ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள்: டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் பிஆர்சிஏ மாதிரியான மரபணுக்களுக்குச் சோதனை செய்யலாமா? ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் பரவும் கட்டியில் பிஆர்சிஏ மாற்றம் இருந்தால் ஓலாபரிப் போன்ற மருந்துகளுக்கு வழி உண்டு. அந்த மாற்றம் பிறவியிலேயே வந்ததாக இருந்தால், உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.