முதலில் தண்ணீர் கேளுங்கள்

அன்புள்ள டீச்சர்,

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். கண்டியில் ஒரு கடையில் வேலை. வாரத்துக்கு ஐந்து அந்நியர்களிடமாவது இயேசுவைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்கள் சபையில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சைத் தொடங்கவே பயம். போன மாதம் கண்டி பஸ்ஸில், வட்டவளையில் ஏறிய ஒரு வயதான அம்மா எக்ஸ்ரே கவரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பயிற்சியில் சொல்லித் தந்தபடி, "இன்றைக்கு இரவு நீங்கள் இறந்துபோனால் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். நான் எங்கே பிழை விட்டேன்? இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது? சிங்களவர்களிடம் பேசலாமா, சட்டச் சிக்கல் வருமா என்பதையும் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிற யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தையே இரண்டு கிழமையாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு உடனே எழுதியிருக்க மாட்டேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ)வும் உங்களுக்கு நம்பிக்கைச் சுதந்திரமும் அதை வெளிப்படுத்தும் சுதந்திரமும் தருகின்றன. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று வந்தது, நிறைவேறவில்லை. அவ்வளவுதான். சிங்களவர்களிடம் பேசலாமா என்று கேட்கிறீர்கள். அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ புத்தலைக்குப் பக்கத்தில் பௌத்தக் கிராமத்தவர்களோடு அவர்களில் ஒருவராக வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலிப் பீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றித் தேடி வாசியுங்கள், உங்கள் கேள்வியே மாறிவிடும்.

இனி அந்த அம்மாவிடம் வருகிறேன். தம்பி, கையில் எக்ஸ்ரே கவர் வைத்திருக்கிற ஒருவரிடம் இன்றைக்கு இரவு செத்துப்போனால் என்று கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது? அவர் எங்கே போகிறார், யாருக்குச் சுகமில்லை, காலையில் ஏதாவது சாப்பிட்டாரா, ஒன்றுமே உங்களுக்குத் தெரியாது. கவரைப் பார்த்திருக்கிறீர்கள், கடிதத்தில் எழுதும் அளவுக்கு அது ஞாபகமும் இருக்கிறது. ஆனாலும் மனப்பாடம் செய்த கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். அந்த அம்மா கினிகத்தேனை வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். உங்கள் கடிதத்தை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நீங்கள் "எங்கே பிழை விட்டேன்" என்று கேட்டுவிட்டீர்கள். பிழை தெரிய வேண்டும் என்கிற மனசு உள்ளவரிடம் மறைத்துப் பேசக்கூடாது.

என் அப்பா உபதேசியார். ஆறு தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சைக்கிள் ஏறாத பாதைகள், அத்தனையும் நடைதான். தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குப் போனாலும், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காருமுன் அவர் வாயில் வருகிற முதல் பேச்சு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க." வேதப் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும். சிறுபிள்ளையாக அவரோடு போனபோது, நடந்த களைப்பு என்றுதான் நினைத்தேன். களைப்பு மட்டும் காரணம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு தோட்டத்தில் கக்கூஸ் கழுவும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு கடைசி லயம் இருந்தது. தண்ணீர்ப் பீலியில் எல்லாரும் பிடித்து முடிந்த பிறகுதான் அவர்கள் குடம் வைக்க முடியும். அந்த வீடுகளில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், நம் கிறிஸ்தவர்களும்தான். அப்பா அங்கே போய்த் தண்ணீர் கேட்டபோது உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்து, "எங்க வூட்டுத் தண்ணி குடிப்பீங்களாய்யா?" என்றார். அப்பா செம்பை வாங்கி அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்தார். பாட்டி அந்தச் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு வயதிருக்கும்.

யோவான் நான்கிலும் இதே கேள்விதான் தம்பி. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலம் அது. "நீர் யூதனாயிருக்க, சமாரியா ஸ்திரீயாகிய என்னிடத்தில், தாகத்துக்குத் தா என்று எப்படிக் கேட்கலாம்?" யாக்கோபின் கிணற்றில் ஆண்டவர் முதலில் எதையும் கொடுக்கவில்லை, கேட்டார். மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரம் கூட இல்லை. ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. "நானே அவர்" என்று தம்மை வெளிப்படுத்துவது 26ஆம் வசனத்தில், தண்ணீர் கேட்டது ஏழாம் வசனத்தில். இடையில் அந்தப் பெண் எதிர்க்கேள்வி கேட்கிறாள், மடக்குகிறாள், தொழ வேண்டியது இந்த மலையிலா எருசலேமிலா என்று பேச்சைத் திருப்புகிறாள். அவர் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்கிறார். உங்கள் பயிற்சி 26ஆம் வசனத்தில் ஆரம்பிக்கிறது.

நம் மலைநாட்டில் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். 1854இல் இங்கே கோப்பித் தோட்டங்களில் வேலை தொடங்கிய மிஷனுக்குப் பெயரே தமிழ்க் கூலி மிஷன். துரைமாரின் ஆதரவோடுதான் உபதேசியார் தோட்டத்துக்குள் வந்தார். அந்த மிஷனால் நமக்குக் கிடைத்த எழுத்தும் படிப்பும் கொஞ்சமல்ல, நானே அதில் வளர்ந்தவள். ஆனால் துரையின் அனுமதியோடு வருகிறவருக்கு முன்னால் லயத்து மனிதர் எழுந்து நின்றுதானே கேட்பார்? எழுந்து நிற்பவரிடம் சொல்லப்படுவது உத்தரவாகத்தான் அவர் காதில் விழும். அப்பா தண்ணீர் கேட்டபோது உட்கார்ந்திருந்தவர் எழும்ப வேண்டியிருக்கவில்லை. கொடுக்கிற இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.

கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ் அடிகளாரையும் நினைத்துக்கொள்கிறேன். நான் கத்தோலிக்கப் பெண் அல்ல, ஆனாலும் கண்டி மண்ணில் அவர் பெயரைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடுத்திருந்த காலத்தில், கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பிச்சை போடுகிறவர்களில் யார் கண் அந்த மாலையில் நிற்கிறது என்று பார்த்து விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். 1692இல் கண்டிக்கு வந்தவரை ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697இல் பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரர்களே கைவிட்டுப்போன நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தவர் அவர்.

பயம் என்கிறீர்களே, அது ஏன் வருகிறது தெரியுமா? நீங்கள் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு அதை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று போகிறீர்கள். வாங்க மறுத்தால் தோல்வி. தண்ணீர் கேட்கப் போகிறவருக்கு அந்தப் பயம் இல்லை.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அப்பாவுக்கும் மாதக் கணக்கு எழுதும் கொப்பி இருந்தது. இத்தனை வீடு, இத்தனை பேர் என்று நிரப்ப வேண்டும். கடைசி லயத்தில் தண்ணீர் குடித்ததற்காகச் சபையின் பெரிய குடும்பம் ஒன்று அவர்மேல் முறைப்பாடு கொடுத்தது. மேலே இருந்தவர்கள் அவரைக் கூப்பிட்டு, அந்த லயத்திலிருந்து எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டார்கள். ஒருவருமில்லை என்றார் அப்பா. அந்தப் பாட்டி கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டார். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ஆள் அனுப்புவார், "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லுங்கய்யா" என்று. மழையிலும் அப்பா போவார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, கொப்பியில் அந்த வரியை வெறுமையாகவே விட்டிருக்கிறார். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இயேசுவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசுங்கள். அவரைவிட நல்ல செய்தி என்னிடமும் வேறு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை கேட்டால், இந்த வாரம் ஒருவரும் இல்லை என்று எழுந்து நின்று சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. கிளினிக் போகிறவர்களுக்குத் திகதி பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு தரம், அதே கிழமையில் வரும். அந்த அம்மா மறுபடியும் வட்டவளையில் ஏறக்கூடும். யன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். போன முறை அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். யாருக்குச் சுகமில்லை என்று விசாரியுங்கள், அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே வாருங்கள். கண்டியில் இறங்கியதும் கவரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை கூடப் போங்கள். கடைக்கு அரை மணி பிந்தினால் பரவாயில்லை.