விற்பனைப் பிரிவில் இல்லாத ஒருவர் கம்பனியின் இலாபத்தைக் கூட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் இலங்கையின் திருகோணமலையை அடுத்த நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். சம்பள உயர்வு கேட்டபோது முகாமையாளர், "உங்களால் கம்பனிக்கு என்ன இலாபம்?" என்று திருப்பிக் கேட்டாராம். விருந்தினரைக் கூட்டிவருவது என் வேலையே இல்லை, இதற்கு நான் என்ன பதில் சொல்வது என்கிறார்.

முகாமையாளர் கேட்ட தொனி எப்படி இருந்ததோ தெரியாது, கேள்வி நல்ல கேள்வி. திருகோணமலையில் ஹோட்டல், ஹார்ட்வெயார் கடை, ஐஸ் தொழிற்சாலை என்று பல இடங்களின் கணக்குப் புத்தகங்களோடு புழங்கியிருக்கிறேன். இலாபத்தை உண்மையில் கூட்டிக் கொடுத்தவர்களாக எனக்கு நினைவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு வாடிக்கையாளரின் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நூறு ரூபாய்க்கு விற்றால் எல்லாச் செலவும் போகப் பத்து ரூபாய் மிஞ்சுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓடியாடி ஒரு இலட்சம் ரூபாய்க்குப் புதிய வியாபாரம் பிடித்து வந்தால் முதலாளியின் கையில் நிற்பது ஏறத்தாழப் பத்தாயிரம். (வெறுமனே கிடக்கும் அறையை விற்றால் இதைவிடக் கூடுதலாக மிஞ்சும், அது வேறு கதை.) களஞ்சியத்தில் நீங்கள் வீணாகாமல் காப்பாற்றிய பத்தாயிரமும் அதே பத்தாயிரம்தான். அதற்கு விளம்பரம் வேண்டாம், விலைக்கழிவு கொடுக்க வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். ஆனால் வியாபாரம் பிடித்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். உங்களுடையதை எவரும் பார்க்கமாட்டார்கள். கஷ்டம் அங்கேதான்.

எங்கே காப்பாற்றுவது? அது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே முதலில் உங்கள் கம்பனி எதில் உழைக்கிறது, எதில் இழக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கரையில் சீசன் என்பது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை. ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கதிரைகளை அடுக்கி மூடிவைக்கிறார்கள். ஆனால் வங்கிக் கடனின் வட்டிக்கு மாரியும் இல்லை, கோடையும் இல்லை. காவலாளிக்கும் தோட்டக்காரருக்கும் பன்னிரண்டு மாதமும் சம்பளம் போகிறது. ஐந்து மாத உழைப்பு ஒரு வருடத்தைத் தாங்க வேண்டும் என்பது புரிந்தால், ஓகஸ்ட் மாதத்தில் சமையற்கட்டில் வீணாகும் ஒரு கிலோ இறாலைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

களஞ்சியக்காரர் என்பதால் மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலையில் பாரை வருகிறது, கிலோ 1,600 ரூபாய் என்று வைப்போம். தலை, குடல், முள், தோல் எல்லாம் போக எடுக்கிற சதை ஏறத்தாழப் பாதிதான் தேறும். அப்படியென்றால் விருந்தினரின் தட்டுக்குப் போகும் சதை கிலோ 3,200 ரூபாய். மெனுவில் விலை போட்டவர் 1,600 ரூபாயை மனதில் வைத்துப் போட்டாரா, 3,200 ரூபாயை வைத்துப் போட்டாரா என்று விசாரித்துப் பாருங்கள். சில இடங்களில் பதிலைக் கேட்டால் தலை சுற்றும்.

நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில், மீன் பெட்டியை அப்படியே தூக்கித் தராசில் வைப்பதுதான் வழக்கம். ஐஸும் உருகிய தண்ணீரும் மீன் விலைக்கே நிறுக்கப்பட்டன. புதிதாக வந்த களஞ்சியப் பையன் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தேடி எடுத்து, மீனை அதில் கொட்டி, தண்ணீர் வடியும்வரை சீட்டில் கையெழுத்துப் போடாமல் நின்றான். மீன்காரர் முதல் நாள் சத்தம் போட்டார். பையன் பதில் பேசவில்லை. "வடியட்டும் ஐயா" என்று மட்டும் சொன்னான். அதோடு விடவில்லை. ஒரு கொப்பியில் சீட்டில் இருந்த நிறை, வடிந்த பிறகு இருந்த நிறை, வெட்டிய பிறகு சமையற்காரர் பெற்ற சதையின் நிறை என்று மூன்று நிரல் போட்டு எழுதிவந்தான். சில வாரங்களில் அந்தக் கொப்பியே பேசியது. கிலோவுக்கு மலிவென்று வாங்கிய சின்ன மீனில் கழிவு கூட. பெரிய மீன் விலை கூடினாலும் சதைக் கணக்கில் மலிவு. தலைமைச் சமையற்காரர் வாங்கும் மீனை மாற்றினார், இரண்டு உணவுகளின் விலையும் திருத்தப்பட்டது. அந்தப் பையன்தான் இன்று அங்கே கொள்வனவுப் பொறுப்பாளர். அவன் கண்டுபிடித்தது பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எழுதிவைத்தான், அவ்வளவுதான்.

மின்சாரமும் இப்படித்தான். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறியபோது, பல ஹோட்டல்களில் முதலாளிமார் விளக்கை அணை, மின்விசிறியை அணை என்று திரிந்தார்கள். பெரிய ஹோட்டலின் பில்லை ஒரு தரமாவது வாங்கி வாசித்தவர்களுக்குத் தெரியும்: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை ஒரு விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைந்த விலை, பகலுக்கு இன்னொரு விலை. அதற்கு மேல், அந்த மாதத்தில் ஏதோ ஒரு வேளையில் எட்டிய உச்சப் பாவனைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தவுடன் எல்லா ஏசியும், தண்ணீர்ப் பம்பும், சலவை இயந்திரமும் ஒன்றாக இயங்கினால் உச்சம் எகிறும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கான விலையை மாத முடிவில் கட்ட வேண்டும். இதைப் புரிந்துகொண்ட ஒரு மின் தொழில்நுட்பவியலாளர், ஒவ்வொரு பகுதியாக இடைவெளி விட்டு ஆளியைப் போடும் ஒழுங்கைத் தாளில் எழுதி மின்பிறப்பாக்கி அறைக் கதவில் ஒட்டினார். படுக்கை விரிப்புத் துவைப்பதை மாலையிலிருந்து அதிகாலைக்கு மாற்றவும் சொன்னார். சலவைப் பகுதியினர் முணுமுணுத்தார்கள், நியாயம்தான். அவர்களுடைய வேலை நேரத்தை முன்தள்ளி, பின்னேரம் முன்னதாக வீட்டுக்குப் போகவிட்ட பிறகு சரியாகிவிட்டது.

வரவேற்பில் இருப்பவர்களுக்கு வேறு வழி. இணைய முன்பதிவுத் தளங்கள் பொதுவாக 15 சதவீதம் அளவில் கமிஷன் எடுக்கின்றன. அங்கே பதிவு செய்து வந்தவரை இரத்துச் செய்யச் சொல்லி நேரடியாகக் காசு வாங்குவது ஒப்பந்த மீறல், அதைச் செய்யாதீர்கள். ஆனால் மனம் நிறைந்து விடைபெறுகிற குடும்பத்திடம், "அடுத்த முறை நேரே எங்களுக்கு அழையுங்கள்" என்று சொல்லி அட்டை கொடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. உணவு மண்டபத்தில் நிற்பவருக்கும் வாய்ப்பு உண்டு. புறாமலைத் தீவுக்கும் டொல்பின் பார்க்கவும் போகிறவர்கள் விடியற்காலையிலேயே படகேறிவிடுவார்கள். முதல் நாள் இரவே யார் யார் போகிறார்கள் என்று கேட்டுச் சமையற்கட்டுக்குச் சொன்னால், ஆள் இல்லாத பஃபேக்கு முட்டை பொரிப்பது நிற்கும்; போகிறவர்களுக்கும் கையில் ஒரு பொதி கிடைக்கும்.

ஹோட்டலுக்கு வெளியே ஓர் உதாரணமும் சொல்லவேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கி மேலதிகப்பற்றில், அதாவது கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்த கடனில், ஓடிக்கொண்டிருந்த நகரத்துக் கடைகளுக்கு அது பேரிடி. அதுவரை "அண்ணை, அடுத்த மாதம் தாறன்" என்ற வாய்ச்சொல்லில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனெல்லாம் திடீரென வங்கியில் வட்டி குட்டி போட ஆரம்பித்தது. நான் அறிந்த ஹார்ட்வெயார் கடை ஒன்றில் தட்டச்சு வேலைக்கு வந்த ஒரு தங்கச்சி, வரவேண்டிய கடன்களை நாள் கணக்கில் பிரித்து எழுதினார்: ஒரு மாதத்துக்குள் உள்ளவை, இரண்டு மாதம் தாண்டியவை, மூன்றைத் தாண்டியவை. ஒவ்வொரு திங்களும் பழைய கடன்காரர்களுக்கு மரியாதையாக அழைத்தார். கோபம் இல்லை, வெருட்டல் இல்லை, ஆனால் விடவும் இல்லை. அந்த வருடம் அந்தக் கடையைக் காப்பாற்றியவர் யார் என்று முதலாளியிடம் கேட்டால் விற்பனையாளர் பெயரைச் சொல்லமாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலைத் தவறான ஆட்கள் பயன்படுத்திவிடுவார்கள். சக ஊழியரின் தேத்தண்ணீரை நிறுத்தியும், மேலதிக நேரக் கொடுப்பனவை வெட்டியும், இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியும் "மிச்சம் பிடித்தேன்" என்று காட்டுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஓரிடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் இப்படி நல்ல பெயர் வாங்கினார். சீசன் நடுவில் அறை துப்புரவாக்கும் அனுபவசாலிப் பெண்கள் மூவர் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் பழகும்வரை, பிற்பகல் இரண்டு மணிக்கு வந்த விருந்தினர்கள் அறை தயாராகாமல் வரவேற்பறையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். இணையத்தில் எழுதப்பட்ட விமர்சனங்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. மிச்சம் பிடித்த தேயிலையும் சீனியும் அதற்கு ஈடாகுமா?

ஹோட்டல் ஊழியருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பில்லில் சேரும் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை ஊழியர்களிடையே பிரித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். அது விற்பனையின் மீது வருவது, இலாபத்தின் மீது வருவதில்லை. நீங்கள் களஞ்சியத்தில் மிச்சம் பிடித்தால் உங்கள் பங்கு ஒரு சதமும் கூடாது. ஆகவே அதன் பலனைக் கேட்டுத்தான் பெறவேண்டும். தானாக வரும் என்று காத்திருப்பது வீண்.

கேட்கப் போகுமுன் உங்கள் உயர்வு கம்பனிக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 10,000 ரூபாய் கூட்டினால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் என்று முதலாளிக்குப் போவது 11,500. ஐந்து வருடம் கடந்தவராக இருந்தால் பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். நீங்கள் காட்டும் மிச்சம் மாதத்துக்கு 11,500 ரூபாயைவிடத் தெளிவாகக் கூடவாக இருந்தால் பேச்சு சுலபம். ஒரு தாள் போதும்: முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்தச் சீட்டுகளில் பார்க்கலாம். சமையற்காரரும் மின் தொழில்நுட்பவியலாளரும் உதவியிருந்தால் அவர்களின் பெயரையும் அதில் எழுதுங்கள். எல்லாம் நானே என்று எழுதிய தாளை எந்த முகாமையாளரும் நம்பமாட்டார், அடுத்த மாதம் உங்களுக்கு மீன் வெட்டி நிறுத்துத் தரவும் ஆள் இருக்கமாட்டார்.

நேரமும் முக்கியம். மார்கழி மழையில் அறைகள் பூட்டிக் கிடக்கும்போது போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். சித்திரை வருடப் பிறப்புக்கு முன், சீசனுக்கு ஆட்களை எடுக்கத் தொடங்குகிற வாரங்களில் கேளுங்கள். பழகிய களஞ்சியக்காரர் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதுதான் அவர்களுக்கு இருக்கும்.

மறுத்துவிட்டால்? சம்பளம் கூட்ட முடியாது என்றால் கொள்வனவு வேலையைப் பழகவிடும்படி கேளுங்கள், அல்லது என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற விடுமுறை கேளுங்கள். வகுப்பில் உட்காராமல், செய்து பழகிய வேலையை மதிப்பிட்டே அந்தச் சான்றிதழைப் பெறும் வழி நைட்டா எனும் அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் இருக்கிறது. அதையும் தரமறுக்கிற இடமென்றால் அடுத்த சீசனுக்கு ஆள் தேடும் ஹோட்டல்கள் உப்புவெளியிலிருந்து குச்சவெளிவரை வரிசையாக இருக்கின்றன. கம்பனியின் விலைச்சீட்டுகளையும் கணக்குகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அவை உங்களுடையவை அல்ல. பாரையில் எவ்வளவு சதை தேறும் என்று தெரிந்த கை உங்களுடையது.