துத்தநாகம் ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி: தாமிரத்தை மின்னாற்பகுத்துத் தூய்மையாக்கும்போது, மாசுள்ள தகட்டிலிருந்து இரும்பும் துத்தநாகமும்கூடக் கரைகின்றனவாம். அப்படியானால் அவையும் தூய தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளாதா? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். விடை தெரியாமல் விழிக்கிறேன்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகளுக்கு என் சபாஷ்! முப்பத்தோரு வருடம் வேதியியல் எடுத்தேன். இதைக் கேட்ட மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் ‘மாசுள்ளது நேர்மின்வாய், தூயது எதிர்மின்வாய்’ என்று படம் போட்டு, ஐந்து மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சூட்சுமம் வோல்ட்டில் இருக்கிறது. ஆலைத் தொட்டியில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) கந்தக அமிலமும் கலந்த நீலக் கரைசல், 60 டிகிரிச் சூட்டில் இருக்கும். அதில் சுமார் 99 சதவீதம் தாமிரமுள்ள கனத்த தகடுகளைத் தொங்கவிடுவார்கள். ஆம்பியர் ஆயிரக்கணக்கில் ஓடும். வோல்ட் மட்டும் 0.3 அளவுதான். டார்ச் செல்லில் ஐந்தில் ஒரு பங்கு!

அதற்கே தாமிரம் கரைந்துவிடும். அதைவிடச் சுலபமாகக் கரைகிற இரும்பும் துத்தநாகமும் நிக்கலும் கூடவே இறங்கும். ஆனால் மறுபக்கம் படிவது வேறு கதை. துத்தநாகம் மறுபடி உலோகமாக வேண்டுமானால் தாமிரத்துக்குத் தேவையானதைவிட 1.1 வோல்ட் கூடுதலாக வேண்டும், இரும்புக்கு 0.78. கிடைப்பதோ 0.3. ஆகவே இரண்டும் கரைசலிலேயே கிடக்கும். தங்கமும் வெள்ளியும் நேர்மாறு. அவை கரையாமல், சுற்றியிருந்த தாமிரம் போனதும் பிடிமானமின்றித் தொட்டியடியில் கருஞ்சேறாக விழும். அந்தச் சேற்றை ஆலைக்காரர்கள் கீழே கொட்டமாட்டார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒருமுறை பள்ளிக்கு ஆய்வாளர் வருகிறார் என்ற அவசரத்தில், இதே சோதனைக்குச் செல்லுக்குப் பதில் 12 வோல்ட் கார் பேட்டரியை இணைத்துவிட்டேன். குமிழி பொங்கியது, தகட்டில் படிந்தது கருஞ்சிவப்புப் பொடி. தொட்டால் விரலில் மைபோல் அப்பியது. மறுநாள் ஒரே ஒரு டார்ச் செல்லை மாட்டி மதியம்வரை விட்டுவைத்தேன். இளஞ்சிவப்பாக, துணியால் தேய்த்தாலும் போகாத படலம்.

உங்கள் மகளும் செய்து பார்க்கட்டும். இரண்டு செப்புத் தகடுகள், மயில்துத்தக் கரைசல், ஒரு செல் போதும். நகைக்கடைத் தராசு கிடைத்தால் தகடுகளை முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள்: 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1.19 கிராம் தாமிரம் இடம் மாறும். சிறிய செல்லில் அவ்வளவு ஓடாது, பொறுமை வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, சமையலறைக் கிண்ணத்தை மட்டும் எடுக்க விடாதீர்கள்.