இசைத்தட்டில் பூசண வாடை

கேள்வி: மதுரையில் ஒரு பழைய பொருள் கடையில் 30 எல்.பி. இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கி வந்தேன். அலமாரியைத் திறந்தால் மழைக்காலத்துக் கிட்டங்கியைப் போலப் பூசண வாடை அடிக்கிறது. சாம்பிராணி போட்டுப் பார்த்தும் இரண்டே நாளில் வாடை திரும்பிவிட்டது. மொட்டை மாடியில் வெயில் காட்டும்படி அம்மா சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
– வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அம்மாவின் யோசனை வற்றலுக்கும் பாய்க்கும் பொருந்தும்; இசைத்தட்டுக்குப் பொருந்தாது. கோடையில் மதுரைப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வெயிலில் கிடக்கும் கறுப்புத் தட்டு அதைவிட வெகுவாகச் சூடேறி, 60 டிகிரியை நெருங்கும்போதே இளகி, அப்பளம் போல வளைந்துவிடும். சாம்பிராணியும் வேண்டாம், அது வாடையை மறைக்குமே தவிரப் போக்காது, புகையின் பிசுக்கும் வரிப்பள்ளங்களில் படியும்.

வாடை பெரும்பாலும் தட்டில் இருப்பதில்லை. எல்.பி. தட்டு பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. பூஞ்சைக்கு அது உணவாகாது. அட்டை உறை, அதன் பசை, உள்ளே இருக்கும் காகித உறை ஆகியவற்றிலும், தட்டின் மேல் படிந்த தூசியிலும் விரல் பிசுக்கிலும்தான் பூஞ்சை வளர்கிறது. ஆகவே தட்டையும் உறையையும் பிரித்து, தனித்தனியே கவனிக்க வேண்டும்.

முதலில், உள்ளே இருக்கும் வெற்றுக் காகித உறைகளைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பாடல் வரிகளோ படங்களோ அச்சிடப்பட்டவை என்றால் மட்டும் அட்டைகளோடு சேர்த்துக்கொள்ளலாம். தட்டைக் கழுவ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. அதிலுள்ள உப்பு பள்ளங்களில் தங்கி, ஊசி ஓடும்போது பொரியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள் (அமிலத்தை அல்ல, கடையில் தெளிவாகக் கேட்டு வாங்கவும்). ஒரு லிட்டர் நீரில் மணமற்ற பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, நடுவிலுள்ள லேபிள் நனையாமல், வரிகள் ஓடும் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பின்னர் வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசி, பாத்திரம் கவிழ்க்கும் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். வெள்ளைப் புள்ளிகள் போகவில்லையென்றால் நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். சானிடைசர் கூடாது, அதில் கலந்திருக்கும் கிளிசரின் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் வாங்கிய தட்டுகளுக்கிடையே கனமான, கீழே விழுந்தால் உடையக்கூடிய, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுகள் கலந்திருந்தால், அவற்றை ஆல்கஹாலின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை அரக்கால் ஆனவை. அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

அட்டைகளுக்குத்தான் பொறுமை தேவை. முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி படவே கூடாது. பின்னர் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் அட்டைகளை வாய் விரித்து நிறுத்தி, ஓரத்தில் திறந்த கிண்ணங்களில் சமையல் சோடாவும் அடுப்புக்கரியும் வைத்து, அவை அட்டையின் மேல் சிந்தாதபடி மூடிவையுங்கள். ஒரு வாரத்தில் சோடாவை மாற்றி, இன்னொரு வாரம் விடுங்கள். அந்துருண்டை போட வேண்டாம். பூசண வாடை போய் அந்த நெடி குடியேறும், அது போவதும் எளிதன்று.

அலமாரியையும் துடைத்து உலரவிட்ட பிறகே தட்டுகளை, பாலித்தீன் பூசிய புதிய உள்ளுறையில் இட்டு, செங்குத்தாக அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதமேறும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் அரை அடியாவது தள்ளிப் போடுவது நல்லது. இரண்டு வாரத்துக்குப் பின்னும் வாடை விடாத அட்டை இருந்தால், அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கழித்துவிடுங்கள். தட்டுக்கு வெற்று அட்டை உறை போதும்.