பதினைந்து எண்ணினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்: சக்கர நாற்காலியும் அழுத்தப்புண்ணும்

கேள்வி: பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, 15 எண்ணிவிட்டு உட்காருகிறான். ஒரு நாளும் தவறியதில்லை. ஆனாலும் பிட்டத்தில் கறுப்பாகத் தடம் விழுந்திருக்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: தம்பி மேல் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. உட்காரும்போது பாரத்தில் பெரும்பகுதி பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. எலும்புக்கும் குஷனுக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்தம் போவதில்லை. பாரத்தை எடுத்தாலும் அது உடனே பழைய நிலைக்கு வராது. தண்டுவடம் அடிபட்டவர்களிடம் நடத்தி 2003-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், திசுவில் ஆக்சிஜன் பழைய அளவை எட்டச் சராசரியாக 1 நிமிடம் 51 விநாடி ஆனது.

அவ்வளவு நேரம் பயில்வானும் கையில் நிற்க முடியாது. வருடக்கணக்கில் முயன்றால் தோள்மூட்டு போய்விடும். அப்புறம் வண்டியை யார் தள்ளுவது? அதனால் குனிவதே மேல். வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு உருட்டுங்கள். முன்சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். இதை விட்டால் குனியும்போது வண்டி குப்புறக் கவிழலாம். பிறகு பிரேக் போட்டு, நெஞ்சு தொடையில் படும்படி குனிந்து 2 நிமிடம் இருக்க வேண்டும். அவ்வளவு குனிய வராதவர் முன்னால் இருக்கும் கட்டிலில் தலை சாய்க்கலாம். மெதுவாக நிமிர வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

தடம் மறையும்வரை அந்த இடத்தில் உட்காரவே கூடாது. ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கட்டும். தேய்க்காதீர்கள், உள்ளே நைந்த சதை இன்னும் நையும். ‘சிவந்தால் கவனி’ என்று எழுதுகிறார்கள், நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கல்லுப் போலவோ, கொழகொழவென்றோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது. தோல் உரிந்தாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: பக்கவாதம் வந்த அம்மாவை நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்கார வைக்கிறோம். சரிதானா?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: இன்றே எடுத்துவிடுங்கள். வளையம் சுற்றிலும் இறுக்குவதால் நடுவில் இருக்கும் சதைக்கு ரத்தம் குறைந்து வீங்கும். அறை அறையாக இருக்கும் காற்றுக் குஷன் நல்லது, ஆனால் பந்து மாதிரி ஊதிவிடக் கூடாது. அம்மா உட்கார்ந்தபின் குஷனுக்கும் பிட்டத்துக்கும் நடுவே கையைத் தட்டையாக விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் நடுவே 1.5 முதல் 2.5 செ.மீ. காற்று நிற்க வேண்டும். இதைத் தினமும் காலையில் பாருங்கள்.

கால்மிதியையும் பாருங்கள். உயரமாக இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு, பாரமெல்லாம் பிட்டத்து எலும்புக்கே போகும். தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி வால் எலும்பில் உட்காரும். அங்கே தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். சறுக்கியவரை அக்குளில் பிடித்து இழுக்காமல், தூக்கி உட்கார வையுங்கள். கொசுவிய சேலை மடிப்பு அடியில் இருந்தாலும் தடம் விழும்.

கேள்வி: கடற்கரை மணலில் முன்சக்கரம் புதைகிறது.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துப் போங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அச்சில் சுற்றிய வலை நூலை வெட்டி எடுங்கள். சிக்கிய சக்கரம் குலுக்கும் ஒவ்வொரு குலுக்கலிலும் உடம்பு கொஞ்சம் சறுக்கும்.