கொடுவா பிடித்த கைக்குக் கிரேலிங் சிக்குமா?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போட்டே வளர்ந்தவன் நான். சுவீடனின் வடகோடியில் வேலை பார்க்கும் மகன், ஜூலையில் ஆற்றில் ட்ரவுட், கிரேலிங் என்ற குளிராற்று மீன்களைப் பிடிக்கலாம் வா என்கிறான். நம்ம கைநரம்பும் (கோலில்லாமல் கையால் வீசும் தூண்டில் நூல்) உயிர் இறாலும் அங்கே எடுபடுமா? பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: கட்டாயம் போயிட்டு வாங்கண்ணே. நான் ராயபுரத்துக்காரன். கப்பல் வேலையில் இருந்தபோது நார்வேயின் வடக்கே அந்த மாதிரி ஆறுகளில் முழங்கால் மரத்துப்போக நின்றிருக்கேன். அந்தக் குளிர்தான் இந்த மீன்களுக்கு உயிர். பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏறக்குறைய அதில் பாதிதான். நீலகிரி அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் கட்டி வளர்த்த ட்ரவுட், மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்காததும் இதனால்தான்.

கைநரம்பு வேண்டாம். கிரேலிங்குக்கு வாய் சின்னது, ஓட்டத்தில் வரும் பூச்சிகளே அதற்குத் தீனி. அதனால் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்குக் கனமே கிடையாது, ஈயக்குண்டும் கட்ட மாட்டாங்க. தடித்த நரம்பின் கனம்தான் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த வீச்சு பழக ரெண்டு நாளாவது ஆகும், பொறுமையா இருங்க.

ஆனா ஓட்டம் பார்க்கத் தெரிந்த உங்க கண்ணு அங்கேயும் உதவும். ட்ரவுட் பாறை மறைவில் தனியா நிற்கும். கிரேலிங் கூட்டமா, சரளைக்கல் தரையை ஒட்டி ஓட்டத்தை எதிர்த்து நின்று, பூச்சி தலைக்கு மேல் வந்ததும் எழும்பும். பாய்மரம் மாதிரி விரியும் முதுகுத் துடுப்பை வைத்தே அடையாளம் சொல்லிடலாம். பொய்ப்பூச்சி தண்ணீரின் வேகத்திலேயே மிதக்கணும். நரம்பு இழுத்து மேலே கோடு விழுந்தால் மீன் தொடவே தொடாது. எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுதான்.

புளிக்குழம்புக்குக் கிரேலிங் சதை தாங்காது. உப்புத் தடவி அன்னைக்கே வெண்ணெயில் வறுத்துச் சாப்பிடுங்க. ஒன்று ரெண்டு போதும், அண்ணே. கோடை குறுகிய இடம், மீன் மெதுவாத்தான் வளரும். முள்நுனியில் பின்னோக்கி நீட்டி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் முதலிலேயே நசுக்கிட்டா, மிச்ச மீனை நோகாமல் விடலாம். கையை நனைத்துவிட்டுத் தொடுங்க, காய்ந்த கை பட்டால் மேல்வழவழப்பு போயிடும்.

அந்த ஆற்றுக்கான அனுமதிச் சீட்டை மகனை முன்கூட்டியே வாங்கச் சொல்லுங்க. முகத்துக்குக் கொசுவலையும் வேணும், ஜூலையில் அங்கே கொசு மொய்க்கும்.